மேசைக்கு வாடகை கட்டியவர்கள்: தொழில்வல்லுநர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், வணிகர் எனத் தொழிலால் ஒன்றுகூடி, மாதம் ஒரு கூட்டமும் ஆண்டுக்கு ஒரு கல்வி உதவி விழாவும் நடத்திவரும் தமிழ்நாட்டுச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு உங்கள் விழாவுக்கான வேலைகள் தொடங்கிவிடுகின்றன. மண்டபம் பேசி, பிளெக்ஸ் அடித்து, மாவட்டத்தில் முதல் மதிப்பெண் பெற்றவர்களின் பட்டியலை வாங்கி, ஆளுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ காசோலை எழுதுகிறீர்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த மேடைகளில் விருந்தினராக உட்கார்ந்திருக்கிறேன், பொன்னாடையும் வாங்கியிருக்கிறேன். உங்கள் மனத்தில் குறை இல்லை. பணம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. நேராக அறிவுரை சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆகவே உங்களைப் போன்ற சிலர் வேறொரு நாட்டில் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் முன்பே செய்த காரியத்தை முதலில் சொல்கிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1881-இல் பட்டம் பெற்ற பெண்கள் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். கல்லூரிப் பட்டதாரிப் பெண்கள் சங்கம் என்று அதைச் சொல்லலாம். முன்னின்றவர்களில் ஒருவர் மரியன் டால்பட். இன்னொருவர் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து படித்த முதல் பெண், வேதியியலாளர். அதிகம் படித்தால் பெண்ணின் உடல்நலம் கெட்டுவிடும் என்று ஹார்வர்டு மருத்துவர் எட்வர்ட் கிளார்க் 1873-இல் எழுதியிருந்த காலம் அது. படித்தவர்கள் பலர் அதை நம்பவும் செய்தார்கள். சங்கம் கண்டனக் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கவில்லை. பட்டம் பெற்ற பெண்களிடமே உடல்நலம் குறித்துக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில்களைத் தொகுத்து 1885-இல் வெளியிட்டது. படிப்பால் பெண்களின் உடல்நலம் பொதுவாகக் கெட்டுவிடவில்லை என்பது அதில் தெரிந்தது. முதலில் விவரம் திரட்டு, பிறகு பேசு என்ற இந்தப் பழக்கம் அவர்களுடைய உதவித்தொகையிலும் தொடர்ந்தது.

அமெரிக்கக் கல்லூரிகள் பெண்களுக்கு ஓரளவு திறந்துவிட்டிருந்தன. ஆனால் ஆராய்ச்சியில் கால் பதிக்க விரும்பும் எவரும் அந்நாளில் ஜெர்மனிக்குப் போய்வர வேண்டும். ஆண்கள் போனார்கள். பெண்களுக்கு அந்தக் கதவு சாத்தியிருந்தது. எனவே சங்கம் ஐரோப்பா சென்று ஆய்வு செய்வதற்கென்றே ஓர் உதவித்தொகையை வைத்தது. 1893-இல் அதைப் பெற்றவர் ஐடா ஹைட்.

இந்த அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1857-இல் பிறந்தவர். சிகாகோ பெருந்தீயில் குடும்பம் நொடித்துப்போக, பதினாறு வயதில் தொப்பி தைக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பள்ளி ஆசிரியை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கல்லூரிக்குப் போய், பட்டம் வாங்கும்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நம் ஊர் உதவித்தொகை விண்ணப்பங்களில் இருக்கும் வயது வரம்பு ஒன்றே போதும், இவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப.

உதவித்தொகையோடு ஸ்ட்ராஸ்பர்க் போனார். அங்கே முனைவர் பட்டத்துக்கு வழி கிடைக்காமல் ஹைடல்பர்க் போனார். அங்கே உடலியங்கியலில் பெரிய பெயர் வில்ஹெல்ம் க்யூன். தம் வகுப்பிலும் ஆய்வகத்திலும் ஒரு பெண் உட்காருவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அவருடைய உதவியாளர்கள் எழுதிய குறிப்புகளை வாங்கிப் படித்தே ஐடா ஹைட் அந்தப் பாடத்தில் தேர்வெழுதினார். 1896-இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

பட்டத்துக்குப் பிறகு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குப் போனார். உயிரியல் படித்தவர்களுக்கு அந்தக் கடற்கரை ஆய்வு நிலையத்தின் அருமை தெரியும். அன்டன் டோர்ன் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1872-இல் நிறுவியது. அதன் செலவைச் சமாளிக்க டோர்ன் ஓர் ஏற்பாடு கண்டுபிடித்திருந்தார். பல்கலைக்கழகங்களும் அரசுகளும் அங்கே ஆண்டு வாடகைக்கு ஒரு 'மேசை' எடுக்கலாம். மேசை என்றால் வெறும் பலகை இல்லை. ஓடும் கடல்நீருடன் தொட்டி, கண்ணாடிக் கலன்கள், வேதிப்பொருட்கள், நல்ல நூலகம், எல்லாவற்றுக்கும் மேலாக, மீனவர்கள் பிடித்துவரும் உயிருள்ள மாதிரிகள். எந்தப் பிராணி வேண்டும் என்று சொல்லிவைத்தால் தொட்டிக்கு வந்துவிடும். மேசை எடுத்த நிறுவனம் தான் தேர்ந்தெடுத்தவரை அனுப்பலாம். பக்கத்து மேசையில் யார் இருப்பார்கள் என்பது அதைவிட முக்கியம்: உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த ஆய்வாளர்கள் அங்கே தோளோடு தோள் உரசி வேலை செய்தார்கள். அந்தக் காலத்து உயிரியலின் சந்தை அது.

ஹைட் அங்கே வேலை பார்த்தார், ஊர் திரும்பினார். 'எனக்குக் கிடைத்துவிட்டது' என்று இருந்துவிடவில்லை. அமெரிக்கப் பெண்களுக்கென்றே அங்கே ஒரு மேசை எடுக்க வேண்டும் என்று கிளம்பினார். ஆண்டு வாடகை 500 டாலர். ஒரு கல்லூரி தனியாகக் கட்டுவது சுமை. ஆகவே பெண்கள் கல்லூரிகளையும் பட்டதாரிச் சங்கத்தையும் தனி ஆட்களையும் சேர்த்து, உறுப்பு அமைப்பு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 50 டாலர் என்று பிரித்து, நேப்பிள்ஸ் மேசைச் சங்கம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். பெயரைக் கவனியுங்கள். புரவலர் பெயர் கிடையாது, தலைவர் பெயர் கிடையாது. ஒரு மேசையின் பெயரில் ஒரு சங்கம்.

இதைத்தான் உங்கள் செயற்குழுவில் ஒரு முறை நிதானமாகப் பேசிப் பார்க்கும்படி கேட்கிறேன். 'நல்ல மாணவர்களுக்குப் பணம் கொடுப்போம்' என்று அவர்கள் தொடங்கவில்லை. திறமையுள்ள ஒரு பெண்ணுக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவில் துல்லியமாக எது நிற்கிறது என்று பார்த்தார்கள். உட்கார இடம் இல்லாமை நின்றது. அந்த இடத்துக்கு வாடகை கட்டினார்கள்.

சில ஆண்டுகளில் மேசையோடு ஒரு பரிசும் சேர்ந்தது. ஆய்வகத்தில் சொந்தமாகச் செய்த ஆராய்ச்சியின் அடிப்படையில் ஒரு பெண் எழுதிய மிகச் சிறந்த கட்டுரைக்கு 1,000 டாலர். பின்னாளில் அதற்கு எலன் ரிச்சர்ட்ஸ் பெயர் வைக்கப்பட்டது. மதிப்பெண் பட்டியல் கேட்கவில்லை. செய்த வேலையைக் கேட்டார்கள். 1903-இல் நிணநீர் மண்டலம் எப்படி உருவாகிறது என்ற ஆய்வுக்காக ஃப்ளாரன்ஸ் சேபின் வாங்கினார். அவருக்கு அதற்கு முன்பே பால்டிமோர் நகரத்துப் பெண்கள் சங்கம் ஒன்று கைகொடுத்திருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் முடித்த அவர் ஆய்வைத் தொடர வழியில்லாமல் நின்றபோது, உள்ளூர்ப் பெண்களே பணம் திரட்டி உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 1917-இல் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர். 1925-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவரே. ஒரு நகரத்துச் சங்கம் செய்த காரியம் இது.

1905-இல் பரிசு பெற்றவர் நெட்டி ஸ்டீவன்ஸ். தச்சரின் மகள். இவரும் பள்ளி ஆசிரியையாக இருந்து சேமித்து, முப்பத்தைந்து வயதில் ஸ்டான்ஃபர்டில் சேர்ந்தவர். பிரின் மார் என்ற அமெரிக்கப் பெண்கள் கல்லூரியின் உதவித்தொகையில் நேப்பிள்ஸுக்கும், ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க்கில் உயிரியலாளர் தியோடர் போவெரியிடமும் போய்வந்தார். அசுவினிப் பூச்சிகளின் இனச்செல்கள் பற்றிய ஆய்வுக்கு அவருக்குப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் மாவுப்புழு என்ற வண்டினம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரையும் வெளியானது. பெண் வண்டின் செல்களில் 20 பெரிய குரோமோசோம்கள். ஆணின் செல்களில் 19 பெரியவை, ஒன்று மட்டும் சிறியது. பிறக்கும் உயிர் ஆணா பெண்ணா என்பதை அந்தச் சின்ன ஒன்று தீர்மானிக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். எக்ஸ், ஒய் என்று இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒப்பிக்கிறதே, அது இந்த அம்மையாரின் நுண்ணோக்கி வழியாக வந்தது. பெண் குழந்தை பெற்றாள் என்று மருமகளைக் கரித்துக்கொட்டும் மாமியார்களுக்கு நான் வகுப்பறைக்கு வெளியே அதிகம் சொன்ன பாடமும் இதுதான். ஸ்டீவன்ஸ் 1912-இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருக்கென்றே பிரின் மாரில் உருவாக்கிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியில் சேர முடியாமலே போனார்.

பரிசு கடல் கடந்தும் போனது. 1928-இல் பெர்லினில் இருந்த இயற்பியலாளர் லீசா மைட்னருக்கும் பிரான்சின் வேதியியலாளர் போலின் ராமார்-லூகாவுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அணுக்கருப் பிளவை விளக்குவதில் மைட்னரின் பங்கு பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் வரவிருந்தது.

பிறகு அவர்கள் ஒரு தவறு செய்தார்கள். 1932-ஐ ஒட்டி, வந்த நோக்கம் நிறைவேறிவிட்டது, பெண்களுக்கு இனித் தனி உதவி தேவையில்லை என்று முடிவுசெய்து சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். பெருமந்தம் என்ற பொருளாதாரச் சரிவு அமெரிக்காவை அடித்துப் போட்டிருந்த நேரம். ஆண்களுக்கே வேலை இல்லாதபோது பெண்களை முதலில் வெளியேற்றினார்கள். திருமணமான பெண்ணுக்கு வேலை எதற்கு என்ற பேச்சு எழுந்தது. பல பல்கலைக்கழகத் துறைகளில் பெண் பேராசிரியர் என்ற பேச்சுக்கே அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இடமில்லை. உதவி பெற்றவர்களில் சிலர் உயரத்துக்குப் போய்விட்டதைப் பார்த்து, எல்லோருக்கும் வழி திறந்துவிட்டதாக அவர்கள் எண்ணிவிட்டார்கள். உங்கள் ஆண்டு மலர்களில் 'எங்கள் உதவி பெற்றவர் இன்று அமெரிக்காவில்' என்ற படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

கலைந்தாலும் அவர்கள் விட்ட பணம் ஓடிக்கொண்டே இருந்தது. 1932-இல் கடைசிப் பரிசு பெற்றவர்களில் ஒருவர் ஆனி ஜம்ப் கேனன். ஹார்வர்டு வானாய்வகத்தில் லட்சக்கணக்கான விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தியவர். கிடைத்த தொகையை அமெரிக்க வானியல் கழகத்திடம் கொடுத்து, பெண் வானியலாளர்களுக்கு ஒரு விருதை ஏற்படுத்தினார். 1934-இல் அதை முதன்முதலில் பெற்றவர் சிசிலியா பெய்ன். விண்மீன்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன் என்று 1925-இல் தம் ஆய்வேட்டில் காட்டியவர். பட்டதாரிப் பெண்களின் உதவித்தொகை ஐடா ஹைட்டை அனுப்பியது. ஹைட் மேசையை உருவாக்கினார். மேசைக்காரர்களின் பரிசு கேனனிடம் போனது. கேனனின் கையிலிருந்து பெய்னுக்கு. ஹைட்டும் தம் கடைசிக் காலத்தில் 25,000 டாலரை அதே பட்டதாரிச் சங்கத்துக்கு எழுதிவைத்தார், அடுத்து வரும் பெண்களின் வெளிநாட்டு ஆய்வுக்காக. வாங்கியவர் கொடுப்பவராக மாறுகிற இந்தத் தொடரை நீங்கள் எந்த விதிமுறையிலும் எழுத முடியாது. ஆனால் மேடையில் கூனிக் குறுகி நின்று காசோலை வாங்கிய பிள்ளைக்குப் பின்னாளில் அந்தச் சங்கத்தைத் தேடி வரத் தோன்றுமா என்று யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கேனன் விருதை 1970-களின் தொடக்கத்தில் வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ் ஏற்க மறுத்தார். பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய பரிசும் ஒருவகைப் பாகுபாடே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விருது நிற்கவில்லை, ஆனால் அதன் வடிவம் பற்றிப் பேச்சு நடந்து, ஆய்வின் தொடக்கத்தில் இருக்கும் இளம் பெண்களுக்கானதாக அது மாறியது. கொடுக்கும் கை பெறுபவரின் மறுப்பையும் கேட்டுக்கொண்டது.

இன்னொரு சங்கத்தைச் சொல்லிவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். ஸோன்டா என்பது தொழிலிலும் வணிகத்திலும் பொறுப்பான பதவிகளில் இருந்த பெண்களின் கழகம். 1919-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தொடங்கியது. அமைப்பில் ஏறத்தாழ உங்களுடையதைப் போன்றது. விமானி அமேலியா இயர்ஹார்ட் 1928-இல் அதில் உறுப்பினரானார். 1937 ஜூலை 2 அன்று பசிபிக் கடலுக்கு மேல் அவருடைய விமானம் காணாமல் போனது. அவருடைய தோழிகள் சிலை வைத்திருக்கலாம், ஒரு தெருவுக்குப் பெயர் வைக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கலாம். 1938-இல் அவர் பெயரில் ஓர் ஆய்வு உதவித்தொகையை வைத்தார்கள். விமானம், விண்வெளி சார்ந்த அறிவியலிலும் பொறியியலிலும் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்கு மட்டும். எந்த நாட்டுப் பெண்ணும் விண்ணப்பிக்கலாம். இப்போது ஒருவருக்கு 10,000 டாலர். இதுவரை எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் பெற்றிருக்கிறார்கள்.

இத்தனை ஆண்டுகள் அது நிலைத்ததற்கு அதன் குறுகிய இலக்கும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. எல்லோருக்கும் எல்லாம் என்று அவர்கள் பரப்பிக்கொள்ளவில்லை. ஒரே துறை, படிப்பின் ஒரே கட்டம். அதனால் விண்ணப்பத்தைப் படிப்பவர்களுக்கு விஷயம் தெரியும். துறைக்குள் பெயர் பரவும். பெற்றவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இனி நம் கதை. பிளஸ் டூவில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு உதவி தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. தேவைப்படும் வீடுகள் நிறைய. ஆனால் அந்தக் கட்டத்தில் அரசும் கொடுக்கிறது, அறக்கட்டளைகளும் கொடுக்கின்றன, பத்திரிகைகளும் பெயர் போடுகின்றன. பி.எச்டி.க்குப் போய்த் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை வென்றுவிட்டால் மாதம் 37,000 ரூபாய், அது சில வேளைகளில் தாமதமாக வந்தாலும். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது: பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் படிக்கும் ஐந்து ஆண்டுகள். அறிவியலில் ஒருவர் நிற்பாரா போவாரா என்று தீர்மானமாவது அங்கேதான். நாங்கள் ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டே நின்றது அதைத்தான்.

அந்தப் பள்ளத்தில் கிடக்கும் தேவைகள் சின்னவை, மேடைக்கு எடுபடாதவை. மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைக்கால ஆய்வுப் பயிற்சி நடத்துகின்றன. தேர்வானவர்கள் நாட்டின் நல்ல ஆய்வகங்களில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். உதவித்தொகையும் உண்டு. ஆனால் முதல் நாள் ரயிலேற, போன ஊரில் அறைக்கு முன்பணம் கட்டக் கையில் காசு வேண்டும். இடம் கிடைத்தும் போகாமல் இருந்த பிள்ளைகள் உண்டு. காரணம் கேட்டால் 'வீட்டில் விடவில்லை' என்பார்கள். துருவிக் கேட்டால் பணம் என்று தெரியவரும். எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் திட்டப்பணி. மாதிரிகளை வெளி ஆய்வகத்தில் சோதிக்கக் கட்டணம் சொந்தக் கையிலிருந்து. அதைக் கட்ட முடியாத மாணவி பழைய ஆய்வேட்டைப் பார்த்து எதையோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாள், அவளுக்கு அதைவிட நல்ல மூளை இருந்தும். நுழைவுத் தேர்வுக் கட்டணம், நேர்காணலுக்குப் போகும் பஸ் செலவு, கள ஆய்வுக்குப் போட ஒரு ஜோடி நல்ல காலணி. எந்தத் தலைமை விருந்தினரும் காலணி வழங்கும் படத்துக்கு நிற்க மாட்டார்!

நேப்பிள்ஸ் மேசை இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம். கொடைக்கானலில் 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். ஓர் உயிரியல் மாணவரோ இயற்பியல் மாணவரோ அங்கே ஒரு பருவம் உட்கார்ந்து வேலை செய்ய என்ன செலவாகும் என்று உங்கள் சங்கத்திலிருந்து யாராவது ஒரு முறை போய்க் கேட்டதுண்டா? தங்குமிடம், சாப்பாடு, பயணம், சோதனைச் செலவு என்று கணக்குப் போட்டால், உங்கள் விழாவின் மண்டப வாடகையும் விருந்தும் சேர்ந்த தொகையை விட அது பெரிதாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு சங்கத்தால் முடியாவிட்டால் ஐந்து சங்கம் சேருங்கள். 500 டாலரைப் பத்தாகப் பிரித்தவர்களுக்கும் உங்களுக்கும் அந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

தேர்வுக் குழுவைப் பற்றியும் ஒரு சொல். இப்போது மதிப்பெண் பட்டியலும் வருமானச் சான்றிதழும் இருந்தால் போதும், குழுவுக்கு வேலையே இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது ஒரு பக்கக் கடிதம், தமிழிலேயே: எதைப் பற்றி அறிய விரும்புகிறாய், இப்போது உன்னைத் தடுப்பது எது? அதைப் படிக்கத் துறை தெரிந்த இரண்டு பேரை உட்கார வையுங்கள். அரசுக் கல்லூரிகளிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். சும்மாதான் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம். வயது வரம்பை எடுத்துவிடுங்கள். திருமணமான பெண்களுக்கு இல்லை என்று எழுதாமலேயே அப்படி நடத்தும் வழக்கத்தையும் எடுத்துவிடுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். விழா வேண்டுமானால், அந்த மாணவர் வேலையை முடித்துத் திரும்பிய பிறகு நடத்தி, அவரை அரை மணி நேரம் பேசச் சொல்லி நீங்கள் கீழே உட்கார்ந்து கேளுங்கள்.

இதுவரை நீங்கள் உதவிய மாணவர்களின் பட்டியல் உங்கள் அலுவலக அலமாரியில் கிடக்கும். செயலாளர் மாறும்போதெல்லாம் அதில் கொஞ்சம் தொலைந்திருக்கும். அந்தப் பெயர்களில் அறிவியல் எடுத்தவர்களைத் தேடிப் பிடித்து எப்போது நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். பாஸ்டன் பெண்கள் 1885-இல் அஞ்சல் வழியாகச் செய்ததை உங்கள் சங்கத்து இளைஞர்கள் கைப்பேசியிலேயே இரண்டு வாரத்தில் செய்துவிடலாம். உங்கள் ஊரில் எந்த மேசைக்கு வாடகை கட்ட வேண்டும் என்பதை அந்தப் பதில்களிலிருந்து முடிவு செய்துகொள்ளுங்கள். என் ஊகத்தை நம்ப வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் இன்னும் சில வாரங்களில் உங்கள் செயற்குழுவுக்கு வரும். கல்வி உதவி என்ற தலைப்பின் கீழ் 'விழாச் செலவு' என்று ஒரு வரி இருக்கும். பேச்சை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்